மொஹீகன் சன்னில் பிக் ஈஸ்ட் பெண்கள் கூடைப்பந்து: குடும்பத்தோடு போகலாமா?

ராக்கி ஹில்லில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். ஆகஸ்ட்டில் கணவரோடும் பன்னிரண்டு வயது மகளோடும் கனெக்டிகட் வந்திருக்கிறார். மகள் பள்ளியில் பாஸ்கெட் பால் ஆடத் தொடங்கியிருக்கிறாள். இவரும் கோவையில் படித்தபோது காலேஜ் டீமில் ஜோனல் வரை ஆடியவர். ஆபீஸில் கூட வேலை பார்க்கும் ஒரு அம்மா, மார்ச் முதல் வாரக் கடைசியில் மொஹீகன் சன்னில் நடக்கும் பிக் ஈஸ்ட் பெண்கள் டோர்னமென்ட்டுக்குக் கூப்பிடுகிறாராம். "காலேஜ் பொண்ணுங்க மேட்ச், அதுவும் கேசினோவுக்குள்ள, குழந்தையைக் கூட்டிட்டுப் போறதா?" என்று வீட்டுக்காரர் தயங்குகிறார். போவதாக இருந்தால் எந்த நாள் போவது, என்ன பார்ப்பது, புதிதாக வந்த நமக்கு அங்கே என்ன இருக்கிறது என்பது கேள்வி.

போங்க, தங்கச்சி. மகளையும் கூட்டிக்கொண்டு போங்க. என் பிள்ளைகள் இந்த மாநிலத்தில்தான் வளர்ந்தார்கள், அவர்களோடு நானும் இந்த டோர்னமென்ட்டைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். ஒரு விஷயம் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாரும் திங்கள்கிழமை ஃபைனலுக்குத்தான் டிக்கெட் தேடுவார்கள். உங்களுக்கு நான் சொல்வது வெள்ளிக்கிழமை. ஏன் என்று கீழே வருகிறது.

முதலில் இது என்ன போட்டி என்று பார்ப்போம். இங்கே காலேஜ் அணிகள் கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களாகப் பிரிந்திருக்கின்றன. நம் ஊர் ஜோன் மாதிரி நிலப்பகுதியை மட்டும் வைத்துப் பிரித்தது அல்ல, பல்கலைக்கழகங்கள் தாங்களாகச் சேர்ந்து அமைத்துக்கொண்டவை. பிக் ஈஸ்ட்டில் 11 அணிகள். யூகான் நம் மாநில அரசுப் பல்கலைக்கழகம். பிராவிடன்ஸ், செயின்ட் ஜான்ஸ், சீட்டன் ஹால், வில்லனோவா, ஜார்ஜ்டவுன் ஆகியவை கிழக்குக் கரைப் பக்கம். சிகாகோவின் டிபால், மில்வாக்கியின் மார்க்கெட், இண்டியானாபொலிஸின் பட்லர், சின்சினாட்டியின் சேவியர், ஒமாஹாவின் கிரெய்ட்டன் எல்லாம் தூரத்திலிருந்து வருபவை. குளிர்காலம் முழுக்க இவை ஒன்றோடொன்று மோதும். அந்த வெற்றி தோல்விக் கணக்கில் ஒன்று முதல் பதினொன்று வரை வரிசைப்படுத்தி, மார்ச் மாதம் எல்லாரையும் ஒரே அரங்குக்குக் கூட்டி வந்து தோற்றால் வெளியே என்று நடத்துவதுதான் இந்த டோர்னமென்ட். வெள்ளிக்கிழமை கடைசி ஆறு அணிகளுக்கு மூன்று ஆட்டம். சனிக்கிழமை நான்கு கால் இறுதி, ஞாயிறு இரண்டு அரை இறுதி, திங்கள் ஃபைனல். நான்கு நாளில் பத்து ஆட்டம்.

கோப்பையைவிடப் பெரியது அதோடு வரும் உரிமை. இங்கே ஜெயிக்கும் அணிக்கு, காலேஜ் விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் தேசிய டோர்னமென்ட்டில் இடம் உறுதி. 2025இல் அதில் 68 அணிகள் ஆடின. கான்ஃபரன்ஸ் கோப்பை வாங்கியவர்கள் நேரே உள்ளே போவார்கள், மற்ற இடங்களைத் தேர்வுக் குழு நிரப்பும். ஆக, சீசன் முழுக்கத் தோற்றுத் தோற்றுப் பதினொன்றாவது இடத்தில் நிற்கும் அணிக்கும் இந்த நான்கு நாளில் ஒரு வழி இருக்கிறது. நான்கு ஆட்டத்தையும் ஜெயித்தால் போதும். நடப்பது ரொம்ப ரொம்ப அரிது. ஆனால் வெள்ளிக்கிழமை கோர்ட்டில் இறங்கும் பெண்கள் அந்த வழி இருக்கிறது என்ற நினைப்போடுதான் ஆடுவார்கள்.

இந்த மாநிலத்தில் இதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பது தெரிந்தால் உங்கள் ஆபீஸ் அம்மா ஏன் கூப்பிடுகிறார் என்பது புரியும். மற்ற மாநிலங்களில் காலேஜ் ஃபுட்பாலோ, ஆண்கள் பாஸ்கெட் பாலோதான் பேச்சு. கனெக்டிகட்டில் பெண்கள் அணிக்கு அதற்குச் சமமான இடம் உண்டு, பல வீடுகளில் கூடுதலாகவே உண்டு. ஹார்ட்ஃபர்டில் இருந்த வேலர்ஸ் ஐஸ் ஹாக்கி டீம் 1997இல் வட கரோலினாவுக்குப் போய்விட்டது. நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் நடுவில் அகப்பட்ட இந்தச் சின்ன மாநிலத்துக்கு 'நம்ம டீம்' என்று சொல்ல யூகான் இருந்தது.

யூகான் இருக்கும் ஸ்டோர்ஸ் ஒரு கிராமப்புறம். 1881இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கிய இடம், இன்றும் மாட்டுப் பண்ணை உண்டு. அங்கே 1985இல் ஜீனோ ஆரியெம்மா கோச்சாக வந்தார். இத்தாலியில் மொன்டெல்லா என்ற ஊரில் பிறந்து, ஏழு வயதில் ஆங்கிலம் தெரியாமல் பென்சில்வேனியாவுக்கு வந்து சேர்ந்த பிள்ளை. அவரோடு அதே வருடம் வந்த கிறிஸ் டெய்லி இன்னமும் துணைக் கோச்சாகப் பக்கத்திலேயே இருக்கிறார். 1995இல் ஒரு தோல்வியும் இல்லாமல் 35 ஆட்டம் ஜெயித்து முதல் தேசியக் கோப்பை. அந்த வருடம் ஜனவரியில் டென்னசியை 77–66 என்று வென்ற ஆட்டத்தை இங்குள்ள பெரியவர்கள் நேற்று நடந்தது போலச் சொல்வார்கள். 2025 வரை தேசியக் கோப்பை 12. 2024 நவம்பரில் ஜீனோ தன் 1,217ஆவது வெற்றியோடு, காலேஜ் பாஸ்கெட் பாலில் அதிக ஆட்டம் ஜெயித்த கோச் என்ற, ஸ்டான்ஃபோர்டின் டாரா வான்டெர்வியரின் சாதனையைத் தாண்டினார்.

ஆனால் ஜெயித்ததால் மட்டும் ஜனங்கள் ஒட்டிக்கொள்ளவில்லை என்பது என் எண்ணம். 1990களின் நடுவில் இருந்து 2012 வரை இந்த ஆட்டங்களைக் காட்டியது மாநிலத்தின் பொதுத் தொலைக்காட்சியான சிபிடிவி. கேபிளுக்குத் தனியாகக் காசு கட்டாத வீட்டிலும் வந்தது. பனியில் வெளியே போக முடியாத வயதானவர்கள் வாரம் தவறாமல் பார்த்தார்கள். ரெபெக்கா லோபோ, ஜென் ரிஸோட்டி, பிறகு சூ பேர்ட், டயானா டொராஸி, மாயா மூர், பிரியானா ஸ்டூவர்ட் என்று ஒவ்வொரு நான்கு வருடத்துக்கும் ஒரு தலைமுறைப் பெண்கள் அந்த வீடுகளின் கூடத்திலேயே வளர்ந்தார்கள். அரங்கத்தில் உங்களைச் சுற்றிப் பாருங்கள், எழுபது வயதுப் பாட்டிகள் கூட்டம் கூட்டமாக இருப்பார்கள். இவர்கள் பேரப்பிள்ளைகளுக்குத் துணையாக வந்தவர்கள் இல்லை, தங்களுக்காக வந்தவர்கள்.

ஒரு முறை என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா, இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை செய்து ரிட்டயர் ஆனவர், மடியில் ஒரு ஸ்பைரல் நோட்டு வைத்துக் கையாலேயே ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பிளேயருக்கும் ஒரு வரி, பாயிண்டுக்குக் கோடு, ஃபவுலுக்குச் சின்ன வட்டம். கூரையில் பெரிய திரை எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருக்கிறது, இவருக்கு அது தேவைப்படவில்லை. ஹாஃப் டைமில் என் மகளிடம் நோட்டை நீட்டி, இந்தப் பெண் இடது கைப் பக்கம் போனால் பந்தை இழக்கிறாள், பார்த்துக்கொண்டே இரு என்று காட்டினார். மூன்றாவது குவார்ட்டரில் அப்படியே நடந்தது. அமெரிக்காவில் யாரோடும் எதைப் பேசுவது என்று தெரியாமல் இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். இங்கே பேச்சைத் தொடங்க உங்கள் விசாவும் வேண்டாம், ஊரும் வேண்டாம். "அந்த ஃபவுலைக் கொடுத்திருக்கக் கூடாது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நீங்கள் ஆடியவர், அந்த வார்த்தையைச் சரியான நேரத்தில் சொல்லத் தெரிந்தவர்.

இப்போது வீட்டுக்காரரின் கவலை. நியாயமான கவலைதான். மொஹீகன் சன் என்பது அன்கஸ்வில்லில் தேம்ஸ் நதிக்கரையில் 1996இல் மொஹீகன் பழங்குடியினர் திறந்த கேசினோ. அந்த மண்ணின் பூர்வகுடிகள் அவர்கள். அமெரிக்க அரசு அவர்களைத் தனி இனமாக அங்கீகரித்ததே 1994இல்தான். சூதாட்ட வருமானத்தில் இருந்துதான் எல்லாம் கட்டியிருக்கிறார்கள், அதை மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் அதே இனம்தான் 2003இல், பெண்களின் தொழில்முறை லீக்கான டபிள்யூஎன்பிஏவில் ஒரு டீமை விலைக்கு வாங்கி இங்கே கொண்டுவந்தது. ஒரு பூர்வகுடி இனத்துக்கு அப்படி ஒரு அணி சொந்தமானது அதுதான் முதல் முறை. பெண்கள் பாஸ்கெட் பாலுக்கு இந்த அரங்கம் ஒப்புக்குக் கொடுத்த இடம் அல்ல, அது பழகிய வீடு.

21 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் சூதாட்டம் நடக்கும் மேஜைப் பக்கம் போக முடியாது. நடைபாதை தனியாக இருக்கிறது, அதில் குழந்தைகளோடு நடந்து அரங்கத்துக்குப் போய்விடலாம். வழியில் மிஷின் சத்தமும் விளக்கும் இருக்கும். மகள் கேட்டால் என்ன ஏது என்று நேராகச் சொல்லிவிடுங்கள், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் புரியும். டோர்னமென்ட் நாட்களில் அந்த நடைபாதை முழுக்க டீம் டீ-ஷர்ட் போட்ட குடும்பங்கள்தான். அரங்கம் சுமார் பத்தாயிரம் பேருக்கானது. எங்கே உட்கார்ந்தாலும் கோர்ட் பக்கத்தில் இருப்பது போலத் தெரியும். இதற்கு முன் இந்த டோர்னமென்ட் 2004 முதல் 2013 வரை ஹார்ட்ஃபர்டில் நடந்தது. நடுவில் யூகான் வேறு கான்ஃபரன்ஸுக்குப் போய்விட்டு 2020இல் திரும்பி வந்த பிறகு, 2021 முதல் இங்கே.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிறையாது. யூகான் அன்றைக்கு ஆடாது, முதல் ஐந்து இடத்தில் இருக்கும் அணிகளுக்கு அன்று ஓய்வு. அதனாலேயே கீழ் வரிசைகளில் இடம் கிடைக்கும். கோச் கத்துவது காதில் விழும். ஷூ கிறீச்சிடுவது கேட்கும். எதிராளியின் வழியை மறித்து ஸ்க்ரீன் போடும் பெண் "லெஃப்ட், லெஃப்ட்" என்று தோழியை எச்சரிப்பது கேட்கும். உங்கள் மகள் போன்ற, ஆட்டத்தைக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இந்தச் சத்தங்கள்தான் பாடம். டிவியில் இது கிடைக்காது, பத்தாயிரம் பேர் ஆர்ப்பரிக்கும் ஃபைனலிலும் கிடைக்காது. இரண்டு காலேஜ்களின் பேண்டும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு டைம்-அவுட்டுக்கும் மாறி மாறி வாசிக்கும். டிவி விளம்பரத்துக்காக நிறுத்தும் இடைவேளைகள் நீளம், அந்த நேரம் முழுக்க அவர்கள் ராஜ்ஜியம்தான்.

அப்புறம் அந்தக் கடைசி ஒரு நிமிடம். பெரும்பாலும் வெள்ளிக்கிழமை தோற்கும் அணிக்கு அதோடு சீசன் முடிந்தது. நான்காவது வருடத்துப் பெண்களுக்கு பாஸ்கெட் பாலே முடிந்தது. டபிள்யூஎன்பிஏ போகிறவர்கள் மிகச் சிலர், மற்றவர்கள் மே மாதம் பட்டம் வாங்கி வேலைக்குப் போகிறவர்கள். ஒரு வருடம் நான் பார்த்தது: பத்துக்கு மேல் பாயிண்ட் பின்தங்கி, ஜெயிக்க வழியில்லை என்று ஆன பிறகு, முப்பது விநாடி மிச்சம் இருக்கும்போது கோச் ஒரு சீனியரை வெளியே கூப்பிட்டார். அந்தப் பெண் ரெஃப்ரியிடம் பந்தைக் கொடுத்துவிட்டு, கோர்ட்டின் நடுவிலேயே நின்று ஜெர்ஸியைக் கால்சட்டைக்குள் சரியாகச் செருகிக்கொண்டாள். நேரே நடந்து வந்து கோச்சின் தோளில் முகத்தை வைத்தாள். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். பெஞ்சுக்குப் பின்னால் அவள் நம்பர் போட்ட ஜெர்ஸி மாட்டிக்கொண்டு ஒரு அப்பா நின்றுகொண்டு, கை தட்டுவதை நிறுத்தவே இல்லை. எதிரணி ரசிகர்களும் எழுந்து தட்டினார்கள். அதற்குள் அடுத்த ஆட்டத்து அணி வாசல் அருகே வந்து கால் நீட்டி உடம்பைத் தளர்த்திக்கொண்டிருந்தது.

நீங்கள் காலேஜில் ஆடிய கடைசி மேட்ச் உங்களுக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன். நம்மில் பல பேருக்கு அது கடைசி மேட்ச் என்று அப்போது தெரியவே தெரியாது. செமஸ்டர் வந்தது, கேம்பஸ் இன்டர்வியூ வந்தது, கல்யாணம் வந்தது, ஷூவைப் பரணில் போட்டோம். இங்கே ஒரு பெண்ணின் கடைசி ஆட்டத்தை அரங்கமே எழுந்து நின்று அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறது. இதை உங்கள் மகள் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் வெள்ளிக்கிழமை என்கிறேன்.

பின்வரிசை அணிகளின் கதை வெள்ளிக்கிழமையோடு முடியத்தான் வேண்டும் என்பதும் இல்லை. 2023இல் ஜார்ஜ்டவுன் அணிக்குப் புதிதாக வந்த கோச் டாஷா பட்ஸ், சீசன் தொடங்கும் முன்பே அக்டோபரில் மார்பகப் புற்றுநோயால் இறந்துபோனார். துணைக் கோச்சாக இருந்த டார்னெல் ஹேனி பொறுப்பேற்றார். அந்தப் பெண்கள் அந்த வருடம் முழுக்க டாஷாவின் பேரைச் சொல்லியே ஆடினார்கள். 2024 மார்ச்சில் பிக் ஈஸ்ட் ஃபைனலுக்கு வந்தார்கள். அந்தப் பல்கலைக்கழகப் பெண்கள் அணி அதற்கு முன் ஒரு தடவை கூட ஃபைனலுக்கு வந்ததில்லை. ஃபைனலில் யூகானிடம் 78–42 என்று தோற்றார்கள். ஸ்கோரை மட்டும் பார்த்தால் ஒருதலைப்பட்சமான ஆட்டம். அந்தத் திங்கள்கிழமை ராத்திரி அவர்கள் அங்கே நின்றதே பெரிய விஷயம் என்பது யூகான் ரசிகர்களுக்கும் தெரியும்.

"எப்பவும் யூகான்தானே ஜெயிக்கும், அப்புறம் என்ன பார்க்க?" என்று உங்கள் வீட்டுக்காரர் கூகுள் செய்துவிட்டுக் கேட்பார். உண்மைதான். 2025இல் கிரெய்ட்டனை 70–50 என்று வென்றது 23ஆவது பிக் ஈஸ்ட் கோப்பை. 2014இல் இருந்து 2025 வரை, எந்தக் கான்ஃபரன்ஸில் இருந்தாலும், அவர்கள் ஆடிய கான்ஃபரன்ஸ் டோர்னமென்ட் எல்லாம் அவர்களுக்கே. அதற்கு முன்னால் கடைசியாகத் தோற்றது 2013 ஃபைனலில், ஹார்ட்ஃபர்டில், நோட்டர் டேமிடம், இரண்டே பாயிண்ட்டில். இப்படி ஒரு அணி ஓங்கி நிற்பது மற்றவர்களுக்கு நல்லதா என்று இங்கேயே சண்டை உண்டு. என் கருத்து, நல்லதுதான். 2022 பிப்ரவரியில் வில்லனோவா ஹார்ட்ஃபர்டுக்கு வந்து 72–69 என்று யூகானை வென்றபோது, கான்ஃபரன்ஸ் ஆட்டங்களில் தொடர்ந்து 169 வெற்றி என்ற கணக்கு முடிந்தது. ஒரு சாதாரண வெற்றியை வாழ்நாள் வெற்றியாக மாற்றியது அந்த 169தான். அடுத்த சீசனில் வில்லனோவாவின் மேடி சீக்ரிஸ்ட் நாட்டிலேயே அதிகப் பாயிண்ட் எடுத்த பெண்ணாக முடித்தார். உயரமான ஒரு இலக்கு பக்கத்தில் இருந்தால் அதைத் தொடப் பழகுகிறார்கள்.

சனிக்கிழமை முதல் ஆட்டம் பெரும்பாலும் முதலிடத்து அணிக்கு. யூகானைப் பார்க்க வேண்டும் என்றால் அந்தப் பகல் நேரமே நல்லது, குழந்தையும் தூங்கி வழியாது. ஆட்டம் தொடங்கியதும் ரசிகர்கள் எழுந்து நின்று, யூகான் முதல் கூடை போடும் வரை கை தட்டிக்கொண்டே இருப்பார்கள். நீங்களும் நில்லுங்கள். சாரா ஸ்ட்ராங்கைக் கவனிக்கச் சொல்லுங்கள். 2025 தேசிய ஃபைனலில் தென் கரோலினாவை 82–59 என்று வென்றபோது அவரும் அப்போது கூட ஆடிய ஆஸி ஃபட்டும் ஆளுக்கு 24 பாயிண்ட். ஆனால் நீங்கள் ஆடியவர் என்பதால் சொல்கிறேன், பந்து இல்லாத பெண்களைப் பாருங்கள். ஜீனோவின் டீமில் யாரும் நின்ற இடத்தில் நிற்க மாட்டார்கள். ஒருத்தி கூடையை நோக்கி ஓடுகிறாள், அவளைத் துரத்திப் போன எதிராளியின் இடம் காலியாகிறது, அங்கே இன்னொருத்தி வந்துவிட்டாள். பாஸ் வருவதற்கு முன்பே கை தயாராக இருக்கிறது. டிரிபிள் செய்யாமலேயே நான்கைந்து பாஸில் லே-அப் போடுவார்கள். மகளுக்கு அதைக் காட்டிக் கொடுக்க அந்த அரங்கத்தில் உங்களைவிடத் தகுந்த ஆள் இல்லை.

விதிகளில் உங்களுக்குப் பெரிய குழப்பம் வராது. காலேஜ் ஆண்கள் இன்னும் இருபது நிமிட இரண்டு பாதியாக ஆடுகிறார்கள், பெண்கள் 2015–16 முதல் நம் ஊர் போலவே பத்து நிமிட நான்கு குவார்ட்டர். பந்து ஆறாம் நம்பர். த்ரீ பாயிண்ட் கோடும் சில வருடமாகச் சர்வதேசத் தூரம்தான். கூடைக்குப் பந்தை எறியக் கொடுக்கும் நேரம், அதாவது ஷாட் கிளாக், மட்டும் 24 இல்லை, 30 விநாடி.

மகளைப் பற்றி நீங்கள் கேட்காமல் கேட்டிருப்பது எனக்குப் புரிகிறது. இதனால் பின்னாளில் காலேஜ் ஸ்காலர்ஷிப் கிடைக்குமா என்பதுதானே? இந்தப் பெண்களுக்கு இந்த மேடை கிடைத்ததே ஒரு சட்டத்தால். 1972இல் வந்த டைட்டில் ஒன்பது, அரசுப் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண் பெண் பார்த்து வாய்ப்பை மறுக்கக் கூடாது என்றது. அதன் பிறகுதான் பெண்களுக்கு விளையாட்டு ஸ்காலர்ஷிப், சம்பளம் வாங்கும் கோச், பயணச் செலவு எல்லாம் வந்தன. என்சிஏஏ பெண்களுக்குத் தேசிய டோர்னமென்ட் தொடங்கியதே 1982இல். இன்னும் சமமாகிவிடவில்லை. 2021இல் இண்டியானாபொலிஸில் ஆண்களுக்கு ஒரு முழு ஜிம்மும் சான் அன்டோனியோவில் பெண்களுக்கு ஒரு சின்ன டம்பெல் அடுக்கும் வைத்திருந்ததை ஓரிகன் அணிப் பெண் ஒருவர் வீடியோ எடுத்துப் போட்ட பிறகுதான் பல விஷயங்கள் மாறின. 'மார்ச் மேட்னஸ்' என்ற பேரைப் பெண்கள் போட்டிக்கும் வைத்தது 2022இல். தேசியப் போட்டியில் ஜெயிக்கும் பெண்கள் அணியின் கான்ஃபரன்ஸுக்குப் பணம் வரத் தொடங்கியது 2025இல். இத்தனைக்கும் 2024 தேசிய ஃபைனலைச் சுமார் 1.9 கோடிப் பேர் பார்த்தார்கள், ஆண்கள் ஃபைனலை அவ்வளவு பேர் பார்க்கவில்லை.

உங்கள் மகள் எச்-4இல், அதாவது வேலை விசாவில் வந்தவர்களின் குடும்பத்துக்கான விசாவில், இருக்கிறாள் என்று எடுத்துக்கொள்கிறேன். பள்ளியில் ஆட அது தடை இல்லை. காலேஜ் ஸ்காலர்ஷிப்பும் குடியுரிமை பார்த்துக் கொடுப்பது அல்ல, யூகானிலேயே கனடா, குரோஷியா பெண்கள் ஆடியிருக்கிறார்கள். ஆனால் 2021 முதல் பிளேயர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று வந்ததே, அதில் வேலை அனுமதி இல்லாத விசாக்காரர்களுக்குச் சிக்கல் உண்டு. 21 வயது ஆனதும் எச்-4 போய்விடும் என்பதும் இருக்கிறது. அதெல்லாம் வரும்போது வக்கீலிடம் கேட்க வேண்டிய விஷயம். இப்போதே ஸ்காலர்ஷிப் கணக்குப் போட்டு, வார இறுதி எல்லாம் காசு கட்டி வெளியூர் டீமில் ஓட விடும் நம் ஊர் பெற்றோர்களை நிறைய பார்க்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு டீமுக்கு மொத்தம் 15 இடம். நாடு முழுக்க எத்தனை லட்சம் பிள்ளைகள் ஆடுகிறார்கள் என்று யோசியுங்கள். பன்னிரண்டு வயதில் அவளுக்கு ஆட்டம் பிடித்திருக்கிறது, அது போதும். டவுனின் பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன் லீக்கில் குறைந்த கட்டணத்தில் ஆட விடுங்கள். அங்கே தன்னார்வக் கோச்சுகளுக்கு எப்போதும் தட்டுப்பாடு, நீங்களே கூடப் பேர் கொடுக்கலாம். ஜோனல் ஆடிய அம்மா கோச்சாக வந்தால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். சம்பளம் வாங்காமல் சும்மா சொல்லிக் கொடுக்க விசா தடையாக இருக்காது.

இனி நடைமுறை. டிக்கெட் செஷன் கணக்கில் விற்பார்கள், ஒரு செஷனில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டம் இருக்கும். நான்கு நாளுக்கும் சேர்த்து வாங்கவும் முடியும், முதல் முறைக்கு அது வேண்டாம். வெள்ளிக்கிழமை பள்ளி இருக்கும், அரை நாள் லீவு எழுதிக் கொடுங்கள், பரவாயில்லை. ராக்கி ஹில்லில் இருந்து ரூட் 2 பிடித்து, 395 தெற்கே போய், 2ஏ எடுத்தால் நேரே கொண்டுபோய் விடும். சாலை நன்றாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மார்ச்சில் பனி கொட்டவும் கூடும், முந்தின ராத்திரி வானிலை பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்கிங்குக்குக் காசு இல்லை, எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் நிறுத்தினீர்கள் என்று மட்டும் போட்டோ எடுத்து வையுங்கள், இடம் பெரிசு. அந்த வார ஞாயிறு அதிகாலைதான் பெரும்பாலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் நாளாகவும் அமையும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் போகிறவர்கள் கவனம்.

உள்ளே வெளிச் சாப்பாடு அனுமதி இல்லை. புளிசாதமோ சப்பாத்தி ரோலோ கட்டிக்கொண்டு போய்க் காரிலேயே சாப்பிட்டுவிட்டு இறங்குவதுதான் எங்கள் வழக்கம். உள்ளே சைவத்துக்குப் பீட்சா, பிரெட்ஸல், ஃபிரெஞ்ச் ஃபிரைஸ் கிடைக்கும், விலை கூடுதல். சட்டை எந்த நிறம் என்று யோசிக்க வேண்டாம். கருநீலம் போட்டால் யூகான், வேறு நிறம் போட்டால் யாரோ ஒரு அணியின் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், அரங்கம் சில்லென்று இருக்கும்.

ஆபீஸ் அம்மாவிடம் சரி என்று சொல்லிவிடுங்கள். அவர் திங்கள்கிழமைக்குக் கூப்பிட்டால் அதற்கும் போங்க, ஜெயித்த அணிப் பெண்கள் ஏணி வைத்து ஏறி வலையை வெட்டுவதை மகள் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை நானும் பெண்ணும் போகிறோம், ராக்கி ஹில் எங்களுக்கு வழியில்தான் இருக்கிறது, காரில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. வீட்டுக்காரரும் வருவதாக இருந்தால் பெரிய வண்டியை எடுத்து வருகிறேன், புதன்கிழமைக்குள் சொல்லுங்கள்.